பெயர் எழுதாத செவ்வாய்க்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலோஃபர் அம்மணியை ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பல்லடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம் வந்தால் எங்கள் ஊஞ்சக்காட்டுப்புதூர். வீட்டுக்கு வீடு விசைத்தறி, ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணை. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, ஒற்றை ஹாலில் அரசுக் கிளை நூலகம் இருக்கிறது. அங்கே தெற்கு ஜன்னலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒன்பது வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து அது என்னுடையதாகிவிட்டது. கோயமுத்தூரில் ஒரு நூற்பு மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரங்கராஜ் என்று பெயர் இருக்கிறது, ஆனால் ஊரில் எல்லோருக்கும் நான் மேஸ்திரிதான். காலை ஒன்பது மணிக்கு நூலகத்துக்குப் போவேன். நாலு பேப்பரையும் ஒரு வரி விடாமல் படிப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்கு நூலகத்தைப் பூட்டும்போது எழுந்து வருவேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மனைவி ராமாமணி போய்ச் சேர்ந்த பிறகு, பன்னிரண்டரைக்கு எழுந்து வருவதுதான் சிரமமாகிப் போனது.

பழைய நூலகர் நல்ல மனுஷன். வருவார், தூங்குவார், போவார். எனக்கு அது ஒத்துப்போயிற்று. அவர் ஓய்வு பெற்றதும் நிலோஃபர் வந்தார். கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். அப்பா அமீர் ஹம்சா பூட்டு சாவி ரிப்பேர் கடை வைத்திருந்தவராம். நூலகப் படிப்பு படித்துவிட்டுப் பதினோரு வருஷம் தொகுப்பூதியத்தில் ஊர் ஊராகப் போய், இப்போதுதான் நிரந்தரமாகியிருந்தார். நாற்பது வயது இருக்கும். உக்கடத்தில் ஏறி, சிங்காநல்லூரில் மாறி, பல்லடத்தில் மாறி, மூன்று பஸ் பிடித்து எட்டே முக்காலுக்கு வந்து கதவைத் திறந்துவிடுவார். ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. மில்லில் முப்பத்தைந்து வருஷம் ஷிப்டுக்கு ஆள் வருவதைப் பார்த்தவன் நான். அதை மட்டும் அப்போதே மனசுக்குள் ஒப்புக்கொண்டேன்.

வந்த முதல் வாரமே என் நாற்காலிக்கு எதிரில் இருந்த சுவரில் ஆணி அடித்தார். பேப்பர் படிக்கிற நேரத்தில் டக்கு டக்கென்று. அடித்து முடித்து, தினமும் தாள் கிழிக்கிற காலண்டர் ஒன்றை மாட்டினார்.

"சத்தத்துக்கு மன்னிச்சுக்குங்க அய்யா. தேதி தெரியோணுமுல்லீங்க" என்றார்.

"பேப்பர்லயே போட்டிருக்குதுங்க மேடம்" என்றேன். பிடிக்கவில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அடுத்த ஏப்ரலில் மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. படித்துவிட்டு அவர் மறைக்கவில்லை, என் மேஜைக்கே கொண்டு வந்து காட்டினார். வருகிற மார்ச் முடிவதற்குள் தினமும் சராசரியாக முப்பது பேர் வரவேண்டும். வராவிட்டால் இது பகுதி நேர நூலகம். மாலை இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கும், காலையில் பூட்டு. நூலகருக்கு வேறு ஊர்.

"இப்ப எத்தனை பேருங்க வர்றாங்க?" என்று கேட்டேன்.

"உங்களோட சேர்த்து ஒம்பது பேருங்க. மழை பெஞ்சா நாலு."

"அப்ப பூட்டிருவாங்க."

"பூட்ட உட மாட்டேனுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஸ்டாம்ப் பேடுக்கு மை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

அவருக்கு வேறு ஊர் கிடைக்கும். எனக்கு? காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை அந்தக் காலி வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதை நினைத்தால் பயமாகவே இருந்தது.

அவர் பிடித்த வழி நாட்கள். வருஷத்தில் ஒவ்வொரு நாளுக்கும் உலகத்தில் யாரோ ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா, தண்ணீர் நாள், மகளிர் நாள், ஆசிரியர் நாள் என்று. அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, நாளுக்கு ஒரு விழா வைத்தால் ஊர் உள்ளே வரும் என்று கணக்குப் போட்டார். முதலில் ஏப்ரல் இருபத்து மூன்று, உலகப் புத்தக நாள். பேனர் கட்டினார். புதுப் புத்தகங்களை முன்னால் அடுக்கினார். மைசூர்பாகு வாங்கி வைத்தார். வந்தது நாலு பேர். ஒருவன் நான், எப்படியும் வருகிறவன். ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கியவர், பஸ் வந்ததும் மைசூர்பாகோடு ஓடிவிட்டார். வேறு யாராவதாக இருந்தால் கண் கலங்கியிருப்பார்கள். இவர் பதிவேட்டில் சிவப்பு மையில் நாலு என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, பேனரை மடித்து பீரோவில் வைத்தார்.

சுற்றுச்சூழல் நாளுக்கு மரக்கன்று கொடுத்தார். கன்றை வாங்கிக்கொண்டு போனார்கள், புத்தகத்தை எவரும் தொடவில்லை. ஆசிரியர் நாளுக்கு ஆசிரியர்கள் வந்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு முட்டை நாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அக்டோபரில் இரண்டாவது வெள்ளிக்கிழமை உலக முட்டை நாளாம். கோழிப்பண்ணை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நாள் உண்டா என்று அவருக்கு ஒரே உற்சாகம். கோழி வளர்ப்புப் புத்தகங்களாகத் தேடி எடுத்து வைத்தார். கால்நடை டாக்டரைப் பேசக் கூப்பிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. நான் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் இருப்பது கறிக்கோழி, முட்டைக்கோழி நாமக்கல் பக்கம் என்று சொல்லவில்லை. நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பது அவருக்கே இரண்டு நாள் முன்புதான் உறைத்தது. மறுநாள் வைக்கலாமென்றால் அது இரண்டாவது சனிக்கிழமை, அதுவும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார்.

நூறு முட்டை அவித்தாகிவிட்டது. கூட்டமும் கொஞ்சம் வந்தது. வந்தவர்கள் முட்டைத் தட்டைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். புரட்டாசி மாசம். ஊரில் பாதி வீடுகளில் முட்டை வாசமே ஆகாது. கோட்டைமேட்டுப் பெண்ணுக்கு அது நினைவில் வரவில்லை. கடைசியில் ஒடிசாவிலிருந்து தறி ஓட்ட வந்த ஆட்கள் தங்கியிருக்கும் அறைக்குத் தட்டோடு போயிற்று. அவர்கள் திருப்தியாகச் சாப்பிட்டார்கள் என்று கேள்வி.

அன்று சாயங்காலம் அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அதுவரை உட்கார்ந்ததில்லை.

"ஏனுங்கய்யா, புரட்டாசின்னு உங்களுக்குத் தெரியும்தானுங்க?"

"தெரியுங்க. நானே புரட்டாசி புடிக்கிறவன்."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க."

"நீங்க கேக்கலீங்களே."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "சரிங்க. எம்மேலதான் தப்பு. இனிமே எதுன்னாலும் உங்களைக் கேட்டுப்போட்டுத்தான் செய்வேன்" என்றார். சொல்லிவிட்டு, விற்காத சரக்கைப் போல மீந்து கிடந்த கோழி வளர்ப்புப் புத்தகங்களை மறுபடி அலமாரியில் அடுக்கப் போனார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அறுபத்தேழு வயது ஆள், ஒரு பெண்பிள்ளை விழுவதைப் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே கேள்வி தொடங்கிவிட்டது. பழைய வருகைப் பதிவேடுகளை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, "அய்யா, போன மாசம் பதினேழாம் தேதி என்ன விசேஷமுங்க? இருபத்தாறு பேர் வந்திருக்காங்க. நான் ஒண்ணுமே செய்யலீங்க அன்னைக்கு" என்றார்.

யோசித்தேன். "ஷட்டவுனுங்க."

"அதுக்கு முந்தின மாசம் இருபதாம் தேதி?"

"அதுவும் ஷட்டவுன்தான்."

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கென்று காலை ஒன்பது முதல் நாலு வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். முந்தின நாள் பேப்பரில் ஊர்ப் பெயர் போட்டு அறிவிப்பு வரும். எங்கள் ஊருக்கு அது சாதாரண விஷயமில்லை. அன்றைக்குத்தான் தறி நிற்கும். தறி நின்றால்தான் ஊருக்குக் காது திறக்கும். ஆட்கள் வெளியே வருவார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், பேசுவார்கள், என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் நிற்பார்கள். அவர்களில் சிலர் காற்றுக்காக நூலகத்து ஜன்னலோரம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து மாசம் பதிவேட்டில் இருந்த சங்கதி. அவர் உலகத்து நாட்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஊருக்கு நாள் என்று இருந்தது அது ஒன்றுதான்.

"அடுத்த ஷட்டவுன் எப்பங்க?" என்று கேட்டார். கண்ணில் ஒரு வேகம்.

"பேப்பர்ல வந்தா சொல்றேன், அம்மணி" என்றேன். மேடம் எப்போது அம்மணி ஆனது என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் ஷட்டவுன் அன்று அவர் நூலகத்தை மதியம் பூட்டவில்லை. மேஜைகளை வெளியே வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன், முதுகு மூன்று நாள் வலித்தது. சொற்பொழிவு இல்லை, பேனர் இல்லை. வந்தவர்களிடம் ஒரே கேள்வி: "உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கோணுமுங்க?" எட்டுத் தறி வைத்திருக்கும் சுப்பையன், "எங்க தறிக் கொட்டாய்ல பாம்பு வந்துபோடுதுங்க. எது வெசம், எது வெசமில்லைன்னு தெரியோணும்" என்றார். அவர் கையில் பாம்புகளைப் பற்றிய படப்புத்தகம் போயிற்று. ஒரு பெண் மகளின் தேர்வுக்குப் பொது அறிவுப் புத்தகம் கேட்டாள். ஒடிசா ஆட்களில் ஒருவர் தமிழ் எழுத்துப் படிக்க வேண்டும் என்றார், பஸ் போர்டுக்காக. அன்று ஐம்பத்து மூன்று பேர். நிலோஃபர் கவுண்டரிலேயே டிபன் டப்பாவைத் திறந்து நாலு வாய் தின்றுவிட்டு மூடினார். நாலு மணிக்குக் கரண்ட் வந்து தறிகள் தொடங்கியபோது, ஊரே ஒரே நேரத்தில் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடியது. அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் மாசத்துக்கு ஒரு ஷட்டவுன். மற்ற நாட்களில் பன்னிரண்டு, பதினைந்து. சராசரி முப்பது எங்கிருந்து வரும்?

அதற்கு அவர் கண்டுபிடித்ததுதான் ஆளுக்கொரு நாள். உறுப்பினராகச் சேருகிறவர் தனக்கு முக்கியமான ஒரு தேதியைச் சொல்லவேண்டும். சுவரில் இருக்கும் காலண்டரில் அந்தத் தாளில் நிலோஃபர் அவர் பெயரை எழுதிவிடுவார். அந்த நாளன்று காலை அவரே வந்து முந்தின நாள் தாளைக் கிழித்துத் தன் தேதியை வெளியே கொண்டுவர வேண்டும். அவருக்கென்று நிலோஃபர் ஒரு புத்தகம் எடுத்து வைத்திருப்பார். எங்கள் வீடுகளில் காலண்டர் கிழிப்பது வீட்டுக்குப் பெரியவரின் வேலை, சின்னவர்கள் கை வைத்தால் திட்டு விழும். அந்த உரிமையை நூலகத்தில் ஒரு நாளுக்குக் கொடுக்கிறார்கள் என்றதும் ஆட்களுக்கு ஒரு மிடுக்கு வந்துவிட்டது. தன் விசேஷத்துக்கு எங்கள் ஊரில் யாரும் தனியாக வரமாட்டார்கள். மனைவி, மச்சான், பக்கத்து வீடு, ஒறம்பரையாக வந்த சொந்தம் என்று பத்துப் பேர் கூட வருவார்கள்.

கல்யாண நாள், பிறந்த நாள் என்றுதான் ஆரம்பித்தது. சுப்பையன் டிசம்பர் பதினொன்றைக் கேட்டார். "அன்னைக்கு என்னங்க?" என்றார் நிலோஃபர். சுப்பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, "குடிய உட்ட நாளுங்க. ரெண்டு வருசம் ஆச்சு" என்றார். அன்று அவர் மனைவி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு ஆட்கள் கூச்சமில்லாமல் தேதி கொடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய நாள், முதல் தறி ஓடிய நாள், வீட்டைவிட்டுப் போன மகன் போன் செய்த நாள். ஜனவரி முடிவதற்குள் மார்ச் மாதத் தாள்கள்கூட ஏறக்குறைய நிறைந்துவிட்டன. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் ஒதுங்கியபோது அவர்களில் இரண்டு பேர்கூட நாள் கேட்டார்கள்.

"அய்யா, உங்க நாளு எதுங்க?" என்று என்னிடம் நாலைந்து முறை கேட்டார்.

"எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று பேப்பரை உயர்த்திக்கொண்டேன்.

பிப்ரவரியில் நூலக ஆய்வாளர் வெள்ளியங்கிரி வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஜனவரி மாதச் சராசரி முப்பத்தொன்று. அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க, மேடம். ஆனா இதெல்லாம் விசேஷத்துக்கு வந்த கூட்டமுங்க. விசேஷம் முடிஞ்சா போயிரும். ஒண்ணுமில்லாத நாள்ல எத்தனை பேர் வர்றாங்கன்னு நான் நேர்ல பாக்கோணும்." எழுந்துபோய்க் காலண்டரின் மார்ச் தாள்களைப் புரட்டினார். "பத்தாந்தேதி வெத்தா இருக்குது. இருபத்தி நாலும் வெத்து. ரெண்டும் செவ்வாய்க்கிழமை. இதுல ஒரு நாள் வாரேன். முப்பது பேர் இருந்தா முழு நேரம்னே எழுதிப்போடறேன். இல்லைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

செவ்வாய்க்கிழமையில் எங்கள் பக்கம் யாரும் நல்ல காரியம் தொடங்குவதில்லை. அதனால்தான் அந்த இரண்டு தாளும் காலி. அவர் போன பிறகு நான் சொன்னேன், "யாராச்சும் ரெண்டு பேரு பேரை எழுதிப் போட்டுருங்க அம்மணி, யாருக்குத் தெரியும்."

"வேண்டாமுங்க. பொய்யா எழுதினா மத்த தாள்ல இருக்கறதெல்லாமும் பொய்யாயிருமுங்க" என்றார்.

மார்ச்சில் அவருக்கு நோன்பு மாசம். விடியுமுன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மூன்று பஸ் மாறி வந்து, எச்சில்கூட விழுங்காமல் நின்றார். பத்தாம் தேதி பதினாலு பேர் வந்தோம். வெள்ளியங்கிரி வரவில்லை. மாலை பூட்டும்போது நிலோஃபர், "தப்பிச்சோமுங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், ஆனால் இருபத்து நாலாம் தேதி அவர் வருவார் என்பது இருவருக்கும் தெரியும்.

பெருநாள் முடிந்தது. இருபத்து மூன்றாம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம் நான் காலண்டருக்கு முன்னால் நின்றேன். திங்கள் தாளைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருபத்து நாலு. பெயர் எழுத விட்டிருந்த இடம் வெள்ளையாக இருந்தது. ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை. விசேஷம் என்ற இடத்திலும் அச்சில் ஒன்றும் இல்லை.

"அம்மணி, பேனா குடுங்க" என்றேன்.

ராமாமணி என்று எழுதினேன். நிலோஃபர் பக்கத்தில் வந்து படித்தார். அது யாரென்று அவருக்குத் தெரியும். "அம்மாவோட நாளுங்களா நாளைக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் ஊரில் விசேஷத்துக்குப் போனில் கூப்பிட்டால் மரியாதை இல்லை. வீட்டுப்படி ஏறி, பெயர் சொல்லி, வந்திருங்க என்று கேட்க வேண்டும். ராமாமணி போனபின் மூன்று வருஷமாக நான் எவர் வீட்டுப்படியும் ஏறவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வீட்டுக்கு மறுபடி ஒரு காப்பிக்குக்கூடப் போகவில்லை. அன்று சாயங்காலம் பதினெட்டு வீடு ஏறினேன். ஒவ்வொரு வீட்டிலும் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "நாளைக்கு நூலகத்துல எங்க ஊட்டம்மா பேர்ல நாளுங்க. பத்து மணிக்கு வந்திருங்க." செவ்வாய்க்கிழமையா என்று முகத்தைப் பார்த்தார்கள். சுப்பையன், "தறி ஓடற நேரமுங்களே மேஸ்திரி. சரக்கு அவசரமுங்க. பாக்கறேன்" என்றார். பாக்கறேன் என்றால் எங்கள் ஊரில் வரமாட்டேன் என்று அர்த்தம். மரியாதைக்காகச் சொல்வது.

மறுநாள் ஒன்பதரைக்கு வெள்ளியங்கிரி வந்துவிட்டார். உள்ளே பதினோரு பேர். மணி பத்தாயிற்று. பதினொன்று அப்படியே இருந்தது. வெளியே நூற்றுக்கணக்கான தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நிலோஃபர் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். விரல் ஒரு நிமிஷம் நிற்கவில்லை, நிமிர்ந்து வாசலையும் பார்க்கவில்லை.

வெள்ளியங்கிரி காலண்டரிடம் போய்த் திங்கள் தாளைத் தூக்கினார். "போன மாசம் இது வெத்து நாளாத்தானுங்க இருந்துது. ராமாமணிங்கறது யாரு?"

"எங்க ஊட்டம்மாங்க" என்று எழுந்தேன். "நேத்து நான்தான் எழுதினேன். மேடம் எழுதலை."

"இன்னைக்கு அவங்க பொறந்த நாளுங்களா?"

"இல்லீங்க. பொறந்த நாளும் இல்லை, எறந்த நாளும் இல்லை. இன்னைக்கு ஒரு விசேஷமும் கெடையாது." காலண்டர் பக்கம் போய் நின்றேன். "நாப்பத்தொரு வருசம் ஒரு விசேஷமும் இல்லாத நாள்லதானுங்க அவ எனக்குச் சோறாக்கிப் போட்டா. எழுத்துக்கூட்டி நல்லாப் படிப்பா. கடலைப்பருப்பு கட்டிட்டு வந்த காயிதத்தைக்கூட விரிச்சு வெச்சுப் படிப்பா. நான் தெனமும் இங்கெ வந்து உக்காந்திருந்தேன். ஒரு நாளு வா போலாம்னு அவளைக் கூப்பிடலை. ஒரு பொஸ்தகம் கொண்டுபோயிக் குடுக்கலை. இன்னைக்காச்சும் கூட்டிட்டு வரலாம்னுதான்."

வெள்ளியங்கிரி பேனாவை மூடித் திறந்தார். மணி பத்தே கால்.

அப்போது தெற்குத் தெருவில் ஒரு கொட்டாயில் தறி நின்றது. ஒரு தறி நிற்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் மில் சத்தத்தில் கிடந்த என் காது கவனித்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, ஒரு கொட்டாய் முழுக்க. பிறகு அதற்கடுத்த கொட்டாய். காக்கை கத்துவது கேட்டது. பஸ் நிறுத்தத்தில் யாரோ தும்முவது கேட்டது.

வெள்ளியங்கிரி ஜன்னலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் குரலில் லேசாகக் கடுப்பு இருந்தது. "ஏனுங்க, இன்னைக்கு ஷட்டவுனுங்களா? ஷட்டவுன் நாள்னா கணக்கில்லைங்க."

நான் கையை மட்டும் உயர்த்தி மேலே காட்டினேன். என் நாற்காலிக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் சுப்பையன் வந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. கையை மட்டும் கழுவியிருந்தார், ஈரம் காயவில்லை. பின்னால் அவர் மனைவி, அவர் தறியில் ஓட்டுகிற ஆட்கள், பக்கத்துக் கொட்டாய்க்காரர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக என் முன்னால் வந்து, கல்யாண வீட்டில் சொல்வதுபோல, "வந்துட்டோமுங்க மேஸ்திரி" என்றார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, நான் அதைத் துடைக்கவும் இல்லை. அந்த நேரத்தில் நின்ற தறிக்கு எத்தனை மீட்டர் துணி போகும் என்று எனக்குத் தெரியும்.

திங்கள் தாளைக் கிழித்தேன். நிலோஃபர் கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். நேற்று நான் போனபின்பே எடுத்து வைத்திருக்கிறார். பெண்கள் விரும்பிப் படிக்கிற பழைய குடும்ப நாவல், நல்ல கனம். "அம்மாவுக்குங்க" என்று நீட்டினார். ஒன்பது வருஷத்தில் அந்த நூலகத்திலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுபோன முதல் புத்தகம் அதுதான்.

பிறகு எல்லோரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக நான். என் பெயரை எழுதிவிட்டு, அதற்கு அடுத்த வரியில் ராமாமணி என்றும் எழுதினேன். வெள்ளியங்கிரி பதிவேட்டை வாங்கி, பேனா முனையால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு எண்ணினார். நாற்பத்து நாலில் வந்து நின்றார். அந்தப் பெயரின் மேல் பேனா அப்படியே இருந்தது.

"அது ஒண்ணைக் கழிச்சுக்குங்க" என்றேன். "நாப்பத்தி மூணு."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். பிறகு பதிவேட்டை மூடி நிலோஃபரிடம் கொடுத்தார். "இருக்கட்டுங்க" என்றார்.

ஏப்ரல் முதல் தேதி எட்டே முக்காலுக்கு நிலோஃபர் வழக்கம்போல் கதவைத் திறந்தார், நான் ஒன்பது மணிக்கு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலிடத்துக்குப் போன அறிக்கையின் நகல் கவுண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அதில் மார்ச் இருபத்து நாலாம் தேதி வருகை நாற்பத்து நாலு என்றுதான் இருக்கிறது.